இரண்டு நிமிடம் தர மறுத்த மாநாடு!

அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சி 2024 ஆகஸ்ட் 19 முதல் 22 வரை சிகாகோ நகரில் தனது தேசிய மாநாட்டை நடத்தியது. அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநாடு என்று பெயர். பைடன் ஜூலை 21ல் விலகிக் கொண்டதும், ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே பிரதிநிதிகள் இணையவழியில் வாக்களித்து கமலா ஹாரிஸை வேட்பாளராக்கி விட்டார்கள். நிக்காஹ் முடிந்த பிறகு வைத்த வலீமா விருந்துதான் சிகாகோ மாநாடு!

நான்கு நாள் விருந்து. பாட்டு, பலூன், நட்சத்திரங்கள் எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது. ஒரு பாலஸ்தீனர் பேச மட்டும் நேரமில்லை!

இதைக் கேட்டவர்கள் அழையாத விருந்தாளிகளா? 2024 பிப்ரவரி 27ல் மிச்சிகன் மாநிலத்தில் நடந்த உட்கட்சித் தேர்தலில், காஸாவைக் குண்டு போட்டு அழிக்க ஆயுதம் கொடுக்கும் பைடனுக்கு எங்கள் ஓட்டு இல்லை என்று ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் 'எவருக்கும் உறுதியளிக்கவில்லை' என்ற கட்டத்தில் குத்தினார்கள். வேறு மாநிலங்களுக்கும் பரவிய அந்த இயக்கத்தின் சார்பில் சுமார் 30 பேர் முறைப்படி பிரதிநிதிகளாகி சிகாகோ வந்தார்கள்.

ஆயுதத்தை நிறுத்து என்பது அவர்களின் கோரிக்கை. அதற்குப் பதில் இல்லை. சரி, எங்களில் ஒருவரை மேடையில் சில நிமிடம் பேச விடுங்கள் என்றார்கள். ஜார்ஜியா மாநில சட்டமன்ற உறுப்பினர் ரூவா ரொம்மான் பெயரையும் கொடுத்தார்கள். பாலஸ்தீன வம்சாவளி, அதே கட்சிக்காரர். அவர் எழுதி வைத்திருந்த சிறு உரையில் கமலாவை வெற்றி பெறச் செய்யுங்கள் என்ற வேண்டுகோளும் இருந்தது. அதற்கும் அனுமதி இல்லை! அதே ஜார்ஜியாவின் முன்னாள் துணை ஆளுநர், எதிரணியான குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர், அவருக்கு மேடை கிடைத்தது. பிரதிநிதிகள் அரங்குக்கு வெளியே இரவு முழுவதும் தரையில் அமர்ந்தார்கள்.

பிணைக் கைதியாக இருந்த இஸ்ரேலிய இளைஞரின் பெற்றோர் அங்கே பேசினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்துத் தவிக்கும் பெற்றோரை நாம் குறை சொல்ல மாட்டோம். காஸாவின் அப்பாவிகள் படும் துயரத்தையும் அவர்கள் குறிப்பிட்டார்கள். 40 ஆயிரம் பேரைப் பறிகொடுத்த மக்களின் வாயை மட்டும் ஏன் அடைத்தீர்கள் என்பதே நம் கேள்வி.

நவம்பரில் கட்சி தோற்றது. உடனே 'முஸ்லிம்கள் கவிழ்த்து விட்டார்கள்' என்று கூப்பாடு! மிச்சிகனில் தோற்றது சுமார் 80 ஆயிரம் ஓட்டில். ஆனால் கடும் போட்டி நிலவிய ஏழு மாநிலங்களிலும் தோற்றார்களே! மிச்சிகனை மட்டும் வென்றிருந்தாலும் கமலா அதிபராகியிருக்க முடியாது. கணக்குத் தெரியாதவர்களா இவர்கள்? பழி போட ஒரு சமுதாயம் வேண்டும், அவ்வளவுதான்.

நம்மவர்களையும் விடுவதற்கில்லை. கோபத்தில் டிரம்ப் மேடையில் ஏறி நின்ற இமாம்களும் உண்டு. 2025 பிப்ரவரி 4ல் நெதன்யாகுவைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு, காஸாவை அமெரிக்காவே எடுத்துக் கொள்ளும் என்று அறிவித்தார் டிரம்ப். அடுப்புக்குத் தப்பி நெருப்பில் விழுந்த கதை!

வேறு வழியே இல்லையா? இருந்தது. 1964ல் இதே கட்சியின் மாநாடு அட்லாண்டிக் சிட்டியில் நடந்தது. மிசிசிப்பி மாநிலத்தின் சார்பில் வெள்ளையர் மட்டுமே கொண்ட பிரதிநிதிக் குழு வந்தது. ஓட்டுரிமை மறுக்கப்பட்ட கறுப்பின மக்கள் தனி அமைப்பு கண்டு, ஃபேனி லூ ஹேமர் போன்றோரை அனுப்பினார்கள். இரண்டு நாற்காலி தருகிறோம், வாயை மூடுங்கள் என்றது தலைமை. பருத்திக்காட்டில் கூலி வேலை பார்த்த அந்தப் பெண்மணியும் தோழர்களும் மறுத்து விட்டார்கள். எதிரணிக்கும் தாவவில்லை. ஊர் திரும்பி ஆள் சேர்த்தார்கள். 1965ல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1968ல் அடுத்த மாநாடு. அந்த வெள்ளையர் குழு வெளியே நிறுத்தப்பட்டது. ஹேமர் இடம்பெற்ற குழு உள்ளே அமர்ந்தது. நடந்த ஊர் இதே சிகாகோ!