கரையிலேயே நிற்கும் பிள்ளைகள்



"பிள்ளையைத் தனியே விடலாமா, சாமி?" என்னும் வினாவை அண்மைக் காலத்தில் அடிக்கடி கேட்கிறேன். செங்கற்பட்டு நகரிலே பத்தாம் வகுப்பு மாணவனைத் தனிப்பயிற்சிக்குத் தந்தை வண்டியில் கொண்டுபோய் விடுகிறார். முடிந்ததும் தாய் சென்று அழைத்து வருகிறார். தூரம் அரைக் கிலோமீட்டர்தான். அடுத்த ஆண்டு அரசு கொடுக்கும் இலவச மிதிவண்டியும் வாசலோரம் நின்று துருப்பிடிக்கும். இப்பெற்றோரின் அன்பில் எனக்கு ஐயமில்லை. அந்த அன்பு பிள்ளையின் கால்களைக் கட்டுகிறதே என்பதுதான் கவலை.

அச்சத்திற்குக் காரணமே இல்லை என்று கூறமாட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஊர்திகள் பறக்கும் வேகத்தைக் கண்டவர் எவரும் எட்டு வயதுக் குழந்தையைத் தனியே அதைக் கடக்க விடார், விடவும் கூடாது. அங்கே திருத்த வேண்டியது சாலையை. மாமல்லபுரத்துக் கடலும் பார்வைக்கு அமைதியாய்த் தோன்றி, இறங்கியவனின் காலை அடியில் இழுக்கும் இயல்புடையது. குளிக்க வந்து திரும்பாமற்போன வெளியூரார் பலர். இவற்றுக்கெல்லாம் மேலாக 2004 டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு மறுநாள், ஞாயிறு காலையில், கடல் எழுந்து குப்பங்களுக்குள் புகுந்ததைக் கண்ட தாய், அதன்பின் பிள்ளையைக் கரைக்கு அனுப்பத் தயங்கினால் அவளைக் குறைகூற யாருக்கு உரிமையுண்டு?

ஆயினும் ஒன்று கேட்கிறேன். கடலருகே குடியிருந்துகொண்டு, நீந்தத் தெரியாத பிள்ளையை வளர்ப்பது பாதுகாப்பாகுமா? என்றாவது ஒருநாள், நாம் அருகில் இல்லாத வேளையில், நண்பர்களோடு அவன் தண்ணீரில் இறங்கத்தான் போகிறான். நீரில் மூழ்கி இறப்பதைத் தடுப்பதற்கென்றே ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2021 ஏப்ரலில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. உலகச் சுகாதார நிறுவனம் கூறும் வழிகளில் வேலியும் உண்டு, நீச்சலும் உண்டு. வேலி, தவழும் குழந்தைக்கு. நீச்சல், பள்ளி செல்லும் பிள்ளைக்கு. நாமோ பதினைந்து வயது மகனுக்கும் வேலியே போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கோவளத்து மீனவரான மூர்த்தி மேகவன் சிறுவயதில் மரப்பலகையைக் கொண்டு அலைமேல் ஏறிப் பழகியவர். பின்னாளில் அவ்வூரிலேயே அலைச்சறுக்குப் பள்ளியொன்று தோன்றக் காரணமாயிருந்து, மீனவப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கற்றுக்கொடுத்தார். படிப்பை விடக்கூடாது, மதுவையும் புகையையும் தொடக்கூடாது என்பன அவர் விதித்த நிபந்தனைகள். பிள்ளைகளை அவர் கட்டவிழ்த்து விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே வேளையில், அலைமேல் நிற்கும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ள ஆசிரியரால் இயலாது. எந்த அலையை விடுவது, எதில் ஏறுவது என்று அந்த நொடியில் அவனே முடிவு செய்யவேண்டும். தவறினால் விழுவான், உப்புநீரைக் குடிப்பான், மறுபடி ஏறுவான்.

மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தியைச் செய்தித்தாள்களில் கண்டிருப்பீர்கள். வெறுங்காலோடு சக்கரப் பலகைமேல் நின்று சறுக்கி வரும் அச்சிறுமியின் படம் உலகெங்கும் பரவியது. அவளையும், அவளைத் தனியாளாய் நின்று வளர்த்த தாயையும் பற்றிய 'கமலி' என்னும் குறும்படம் 2020-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பின்னர் கமலி அலைச்சறுக்கிலும் தேர்ந்து, இந்தியாவின் சார்பில் போட்டியிடும் நிலைக்கு உயர்ந்தார். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டிகளே மாமல்லபுரத்தில் நடைபெற்றன. சறுக்கி விழுந்தால் எலும்பு முறியக்கூடும், உண்மைதான். ஆனால் பெண் பிள்ளை என்றால் நம் வீடுகளில் முதலில் எழும் அச்சம் எலும்பைப் பற்றியதன்று. "வெயிலில் கறுத்துப்போவாளே, ஊர் என்ன சொல்லும், நாளை யார் கட்டுவார்?" என்பதே அச்சம். இதற்கும் பாதுகாப்பு என்றே பெயர் சூட்டிவிடுகிறோம்.

ஆழிப்பேரலையைக் குறிப்பிட்டேன். ஜப்பானியர் அதைப் பன்முறை கண்டவர்கள். அங்கே காமாயிஷி என்னும் கடலோர நகரின் பள்ளிகளில், நிலம் அதிர்ந்தால் பெற்றோர் வரட்டும் என்று காத்திராமல் மேட்டை நோக்கி ஓடவேண்டும், பெற்றோரும் அவ்வாறே ஓடியிருப்பர் என்று நம்பவேண்டும் எனக் கற்பித்திருந்தார்கள். கேட்பதற்குக் கடுமையான பாடம். 2011 மார்ச் 11 அன்று பேரலை வந்தபோது, அந்நகரின் நடுநிலைப் பள்ளி மாணவர் ஓடினர். அவர்களைக் கண்டு அருகிலிருந்த தொடக்கப்பள்ளிச் சிறுவரும் ஓடினர். முதலில் சேர்ந்த இடம் போதாதென்று கண்டு மேலும் உயரே ஏறினர். அந்நகரின் ஏறத்தாழ 3,000 பள்ளிப் பிள்ளைகளில் மிகச் சிலரைத் தவிர அனைவரும் பிழைத்தனர்.

பன்னிரண்டு வயது இயேசு எருசலேமில் தங்கிவிட்ட நிகழ்ச்சியை லூக்கா கூறுகிறார். மூன்றாம் நாள் கண்டுபிடித்ததையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முன் அன்னை மரியாவும் சூசையும், மகன் உறவினர் கூட்டத்தில் வருவான் என்றெண்ணி ஒருநாள் முழுவதும் நடந்திருக்கிறார்கள். நாமாக இருந்தால் அதற்குள் கைப்பேசியில் நாற்பது முறை அழைத்திருப்போம்! அவர்களைப் பொறுப்பற்ற பெற்றோர் என்று சொல்ல எவரும் துணியார். உடன் நடந்த கூட்டம் நம்பத் தக்கதாய் இருந்தது.

நம் தெருக்கள் அத்தகைய கூட்டமாய் இருக்கின்றனவா? சிறார்மீது இழைக்கப்படும் பாலியல் குற்றங்களில் பெரும்பாலானவை அறிமுகமானவர்களாலேயே நிகழ்கின்றன. உறவினர், ஆசிரியர், குருக்களாகிய நாங்கள் எல்லாரும் 'அறிமுகமானவர்' என்னும் சொல்லில் அடங்குவோம். ஆகவே பிள்ளையை வீட்டில் பூட்டி வைப்பதனால் மட்டும் ஆபத்து விலகிவிடாது. பெரியவர் சொன்னதெல்லாம் கேள் என்று மட்டுமே பழக்கப்பட்ட குழந்தைக்கு, தகாத வேளையில் "வேண்டாம்" என்று உரக்கச் சொல்ல வராது. 1098 என்னும் சிறார் உதவி எண்ணை அதற்கு மனப்பாடமாய்ச் சொல்லிக்கொடுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். எட்டு வயதில் தெருமுனைக் கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்கி வரட்டும். பன்னிரண்டு வயதில், பெரிய சாலை குறுக்கிடாத வழியானால், மிதிவண்டியில் மறைக்கல்வி வகுப்புக்கு வரட்டும். முதல் இரண்டு நாள் பின்னால் நீங்களும் வாருங்கள். மூன்றாம் நாள் வராதீர்கள். நீச்சலைத் தெரிந்தவர் துணையோடு முதலில் குளத்திலோ தொட்டியிலோ கற்கட்டும். கடலில் இறங்கும் நாளும் நேரமும் மீனவர் சொற்படி அமையட்டும். அக்டோபர் பிறந்தால் வடகிழக்குப் பருவமழை கடலைக் கலக்கிவிடும். அதற்கு முன்னரே பயிற்சியைத் தொடங்குவது நலம். மகனை அழைத்துப் போகும்போது மகளையும் அழைத்துப் போங்கள்.