திசையனும் காவியும்

மேல்நிலை வகுப்பில் இயற்பியல் கற்கத் தொடங்கும் மாணவர் மனப்பாடம் செய்யும் முதல் வரையறைகளுள் ஒன்று, ‘எண்மதிப்பும் திசையும் உடைய அளவு வெக்டர்’ என்பது. நிறை, வெப்பநிலை, காலம் ஆகியவை ஒருபுறம். இடப்பெயர்ச்சி, திசைவேகம், விசை ஆகியவை மறுபுறம் எனப் பட்டியல் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. தேர்வில் மதிப்பெண் பெற இவ்வரையறை போதும். வெக்டர் என்னும் கருத்தை அறிந்துகொள்ள இது போதாது.

மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு எண்மதிப்பு உண்டு. கம்பியின் வழியே செல்லும் திசையும் உண்டு. எனினும் இயற்பியல் அதனை வெக்டர்களின் வரிசையில் வைப்பதில்லை. 3 ஆம்பியர் மின்னோட்டமும் 4 ஆம்பியர் மின்னோட்டமும் ஒரு சந்தியில் வந்து கூடினால், இரு கம்பிகளுக்கும் இடையிலான கோணம் எதுவாயினும், அங்கிருந்து வெளியேறுவது 7 ஆம்பியரே. விசை அத்தகையதன்று. 3 நியூட்டன் விசையும் 4 நியூட்டன் விசையும் ஒரே திசையில் செயற்பட்டால் 7 நியூட்டன். எதிரெதிராகச் செயற்பட்டால் 1 நியூட்டன். செங்குத்தாகச் செயற்பட்டால் 5 நியூட்டன். கோணத்திற்கேற்ப இம்மதிப்பு 1 முதல் 7 வரை மாறிக்கொண்டே இருக்கும். இரண்டிற்கும் திசை உண்டு. கூடும் முறையில்தான் அவை வேறுபடுகின்றன. ஆகவே ஓர் அளவு வெக்டரா, அன்றா என்பதைத் தீர்மானிப்பது அதன் கூட்டல் விதியே. பாடத்தின் முதல் வரியில் நிற்கவேண்டிய இச்செய்தி, பெரும்பாலும் ஒரு குறிப்பாகப் பின்னால் தள்ளப்படுகிறது.

<b>இரண்டு தமிழ்ச் சொற்கள்</b>

வெக்டருக்குத் தமிழில் இரண்டு கலைச்சொற்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டில் வழங்குவது ‘திசையன்’. இலங்கையின் தமிழ்ப் பாடநூல்கள் கையாளுவது ‘காவி’. காவி என்றதும் தமிழ்நாட்டு மாணவருக்கு ஆடையின் நிறமே நினைவுக்கு வரும். ஆனால் இச்சொல் ‘காவுதல்’ என்னும் வினையிலிருந்து பிறந்தது. காவுதல் என்பது தோளில் சுமந்து செல்லுதல். வெக்டர் என்னும் இலத்தீன் சொல்லின் பொருளும் சுமந்து செல்வது என்பதே.

‘திசையன்’ சொல்வதற்கு இனியது. பொருளும் உடனே விளங்கும். ஆயினும் அது அரை வரையறையையே உரக்கச் சொல்கிறது. ‘காவி’ அக்கருத்தின் செயலையே பெயராக்குகிறது. ஒரு புள்ளியை மதுரையிலிருந்து திருச்சிக்கு ஒரு வெக்டர் காவிச் செல்கிறது. திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு இன்னொன்று காவிச் செல்கிறது. இரண்டின் கூடுதல், மதுரையிலிருந்து தஞ்சாவூருக்கு நேரே காவிச் செல்லும் மூன்றாவது வெக்டர். முக்கோண விதி முழுவதும் இச்சுமத்தலுக்குள் அடங்கியிருக்கிறது.

விசைகளும் இவ்வாறே கூடுகின்றன என்பதை நியூட்டன், 1687ஆம் ஆண்டில் வெளியான ‘பிரின்சிபியா’வில், இயக்க விதிகளை அடுத்து வரும் முதல் கிளைத்தேற்றமாகவே அமைத்தார். நீர் நிறைந்த வாளியை இருவர் தூக்கிச் செல்லும்போது இவ்விதி அவர்களின் கைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. கைகள் நேராகத் தொங்கினால் ஒவ்வொருவர்மீதும் பாதி எடை. இருவரும் விலகி நடந்து, கைகளுக்கு இடையிலான கோணம் 120 பாகையானால், ஒவ்வொருவரும் முழு எடைக்குச் சமமான விசையுடன் இழுக்க வேண்டும். வாளியின் எடை மாறவில்லை. துணைக்கு வந்தவரால் பயன் மட்டும் இல்லாமல் போயிற்று.

<b>ஒரு புத்தகச் சோதனை</b>

திசை இருந்தும் வெக்டர் ஆகாத இன்னோர் அளவைக் காண இந்தத் தமிழ்ப் பாடநூலே போதும். முன்னட்டை மேலே தெரிய, எழுத்துகள் நேராகத் தெரியுமாறு நூல் மேசைமீது படுத்திருக்கட்டும். அதன் மேல்விளிம்பைத் தூக்கி, அட்டை படிப்பவரைப் பார்க்குமாறு நிறுத்துவது முதற்சுழற்சி. நூலை, மேலிருந்து பார்க்கையில் இடஞ்சுழியாக 90 பாகை திருப்புவது இரண்டாம் சுழற்சி. இவ்வரிசையில் செய்தால் நூல் நிமிர்ந்து நிற்கும். அட்டை வலப்பக்கம் நோக்கும். மீண்டும் பழைய நிலையில் வைத்து, முதலில் இடஞ்சுழியாகத் திருப்பிவிட்டு, பின்னர்த் தொலைவிலுள்ள விளிம்பைத் தூக்கி நிறுத்தினால், நூல் தன் முதுகின்மேல் நிற்கும். அட்டை படிப்பவரை நோக்கும். எழுத்துகள் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். சுழற்சிக்குக் கோணம் என்னும் அளவும், அச்சு என்னும் திசையும் உண்டு. ஆனால் வரிசை மாறினால் விளைவு மாறுகிறது. வெக்டர் கூட்டலில் வரிசை மாறினாலும் விளைவு மாறாது. எனவே இத்தகைய சுழற்சிகள் வெக்டர்கள் அல்ல.

வரிசை மாறினால் விடை மாறும் எண்களைத் தேடிக் கண்டவர் அயர்லாந்தின் ஹாமில்டன். 1843 அக்டோபர் 16 அன்று டப்ளின் நகரக் கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தபோது நான்கு கூறுகள் கொண்ட எண்ணுக்கான விதி அவருக்குப் புலப்பட்டது. அதை அங்கிருந்த பாலத்தின் கல்லில் கீறிவைத்தார். அவ்வெண்ணின் மூன்று கூறுகள் சேர்ந்த பகுதிக்கே வெக்டர் என்று பெயரிட்டார். மறு ஆண்டே, ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் கிராஸ்மன், எத்தனை பரிமாணங்களுக்கும் பொருந்தும் ஒரு கணிதத்தை நூலாக்கினார். அதைப் படிக்க ஆளில்லை. அவர் வடமொழிக்குத் திரும்பி இருக்கு வேதத்திற்கு அகராதி தொகுத்துப் புகழ்பெற்றார். இன்று வகுப்பறையில் உள்ள வடிவம், அமெரிக்காவின் கிப்சும் இங்கிலாந்தின் ஹெவிசைடும் தனித்தனியே செதுக்கியது. கிப்சு 1881இல் தம் மாணவர்களுக்கென அச்சிட்ட சிறு நூலே அதன் தொடக்கம்.

கணிதம் பின்னர்த் திசையையும் விட்டுவிட்டது. 1888இல் இத்தாலியின் பியானோ, ஒன்றோடொன்று கூட்டவும் எண்ணால் பெருக்கவும் இயன்று, சில விதிகளுக்கு அடங்குபவற்றைக் கொண்டே இக்கட்டமைப்பை வரையறுத்தார். அங்கே அம்புக்குறிக்கு இடமில்லை; கூட்டல் மட்டும் எஞ்சியது. இன்று கணினி மொழியைக் கையாளும்போது ஒவ்வொரு சொல்லையும் பல நூறு எண்கள் கொண்ட வெக்டராக மாற்றிக்கொள்வது இதனால்தான் இயல்கிறது. பல நூறு பரிமாணங்களில் கிழக்கு எது, மேற்கு எது என்று எவரும் காட்ட இயலாது.

பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல், இயக்கவியலிலேயே வெக்டரைக் கையாளத் தொடங்கிவிடுகிறது. வெக்டர் இயற்கணிதமோ கணித நூலின் இரண்டாம் தொகுதியில் வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் மாணவரிடம் இருப்பது அந்த அரை வரையறை ஒன்றே. பாடத்திட்டத்தை மாற்றக் காத்திருக்கத் தேவையில்லை. இயற்பியல் வகுப்பின் முதல் பாடவேளையில், மின்னோட்டம் ஏன் வெக்டர் அன்று என்னும் வினாவை எழுப்பி, மேசைமீது ஒரு நூலை இருமுறை திருப்பிக் காட்டப் பத்து மணித்துளிகள் போதும்.