குதிரை வரைந்தால் நாய் வருகிறதா?

கொடைக்கானல் ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக் கடைகள் திறந்து, சோளம் வேகும் வாசனை கிளம்புவதற்குள் மட்டக்குதிரைகள் வந்து நின்றுவிடும். "பாப்பா, ஒரு ரவுண்டு போலாமா?" என்று குதிரைக்காரர் கேட்பார். பாப்பா ஏறும், பாதி தூரத்தில் அழும், இறங்கியதும் இன்னொரு ரவுண்டு கேட்கும். இதுவரை எல்லாக் குடும்பத்துக்கும் தெரிந்த கதைதான்.

சிக்கல் வருவது ரூமுக்குத் திரும்பிய பிறகு. குழந்தை நோட்டை விரித்து, தான் ஏறிய குதிரையை வரைகிறது. பெரிய கண், நீளமான பிடரி, பூப்போட்ட சேணம் எல்லாம் உண்டு. அண்ணன் எட்டிப் பார்த்து, "என்னடி இது, நாயா?" என்கிறான். நோட்டு மூடிக்கொள்கிறது. எத்தனையோ வீடுகளில் ஓவியப் பயிற்சி அன்றோடு முடிந்துபோகிறது.

அண்ணனைக் கோபித்துப் பயனில்லை. அது நாய் மாதிரிதான் இருந்திருக்கும். தினமும் தெருவில் பார்க்கிற விலங்கு நாய். குதிரையைப் பார்ப்பது வருடத்தில் ஒரு நாள், அதுவும் அதன் முதுகில் உட்கார்ந்துகொண்டு. அதனால் பென்சிலைப் பிடித்ததும், கைக்குப் பழகிய உருவம்தான் தாளில் இறங்குகிறது. பெரியவர்களுக்கும் இதே கதிதான். நம்பிக்கை இல்லாதவர்கள் இப்போதே ஒரு குதிரை வரைந்து பார்க்கலாம்.

முழங்கால் எங்கே இருக்கிறது?

முக்கால்வாசித் தப்பு காலில்தான். குதிரையின் பின்னங்கால் பின்பக்கமாக மடங்குகிறதே, அதை முழங்கால் என்று நினைத்துத்தான் எல்லோரும் வரைகிறார்கள். அது முழங்கால் இல்லை, குதிகால். நிஜ முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. முன்னங்காலில் முழங்கால் போலத் தெரிவது நம் மணிக்கட்டுக்குச் சமமானது. குளம்பு என்பது ஒரே ஒரு விரலின் நகம். அதாவது குதிரை எப்போதும் நுனிவிரலில் நிற்கிறது. இதை ஒருமுறை தெரிந்துகொண்டால், கால்கள் வாழைத்தண்டு மாதிரி நேராக இறங்குவது நின்றுவிடும்.

அடுத்தது அளவு. பக்கவாட்டில் பார்த்தால், தரையிலிருந்து கழுத்து முதுகோடு சேரும் மேடு வரையுள்ள உயரமும், மார்பிலிருந்து பின்புறம் வரையுள்ள நீளமும் ஏறக்குறைய சமம். ஆகவே ஒரு சதுரம் போட்டுக்கொண்டு அதற்குள் மார்புக்கு ஒரு முட்டை, இடுப்புக்கு ஒரு முட்டை வரைந்து, இரண்டையும் முதுகுக் கோட்டாலும் வயிற்றுக் கோட்டாலும் இணைத்தால் பாதி வேலை முடிந்தது. தலைக்கு நல்ல மாடல் கொடைக்கானலிலேயே விற்கிறது. ஒரு பேரிக்காயைப் படுக்க வைத்துப் பார்த்தால் போதும். தடித்த பக்கம் தாடை, ஒடுங்கிய பக்கம் மூக்கு.

மட்டக்குதிரை என்றால் குட்டிக் குதிரை என்று பலர் நினைக்கிறார்கள். அது முழுதாக வளர்ந்த குதிரைதான். பொதுவாக 147 செ.மீ. உயரத்துக்குள் நின்றுவிடும் வகை. கால் குட்டை, கழுத்து தடிமன், பிடரி மயிர் அடர்த்தி, வயிறு உருண்டை. இந்த நான்கையும் கொஞ்சம் மிகைப்படுத்தினால் கார்ட்டூன் பாதி தானாகவே வந்துவிடும். மோட்டார் சாலை வருவதற்கு முன்னால், அடிவாரத்திலிருந்து மக்கள் இந்த மலைக்கு நடந்தும், டோலியிலும், குதிரையிலும்தான் ஏறினார்கள். சாலை இல்லாத வெள்ளகவி போன்ற ஊர்களுக்கு அரிசியும் பருப்பும் குதிரை முதுகில்தான் போயின. ஏரிக்கரையில் தொப்பையோடு நிற்கும் குதிரையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

ஒரு வயலும் இரண்டு குதிரைகளும்

மட்டக்குதிரையை வைத்தே உலகப் புகழ் பெற்ற ஒருவர் இருந்தார். நார்மன் தெல்வெல், இங்கிலாந்துக்காரர், 1923-ல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவத்தில் சேர்ந்து இந்தியாவுக்கும் வந்திருந்தார். பின்னாளில் அவர் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்து வயலில் இரண்டு மட்டக்குதிரைகள் மேய்ந்தன. உடம்பு முழுக்க மயிர், உருண்டை வயிறு, எப்போது கடிக்கும் எப்போது உதைக்கும் என்று சொல்ல முடியாத குணம். அவற்றை ஓட்ட வரும் சின்னப் பெண்களையும், அவர்கள் படும் பாட்டையும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருந்தார். 1953-ல் 'பஞ்ச்' பத்திரிகைக்கு ஒரு குதிரை ஜோக் வரைந்து அனுப்பினார். வாசகர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. உடனே ஆசிரியர், இரண்டு பக்கம் முழுக்கக் குதிரை ஜோக்குகளாகவே வேண்டும் என்று கேட்டுவிட்டார். தெல்வெல்லுக்கோ வயிற்றைக் கலக்கியது. அந்த விஷயத்தில் தன்னிடம் இருந்த சரக்கு ஒரே படத்தில் தீர்ந்துவிட்டது என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஆனால் 2004-ல் இறக்கும்வரை அந்தக் குதிரைகள் அவரை விடவே இல்லை.

இன்றைய குழந்தைகளுக்குத் தெரிந்தது 'மை லிட்டில் போனி'. 1980-களில் பொம்மையாக வந்து, 2010-ல் புதிய கார்ட்டூன் தொடராக மாறியது. அந்தத் தொடரை உருவாக்கிய லாரன் ஃபவுஸ்ட், சிறுமியாக இருந்தபோது அதே பொம்மைகளை வைத்து விளையாடியவர். அந்தக் குதிரைகளுக்கு முகத்தில் பெரும்பகுதி கண்தான், மூக்கு ஒரு சின்ன மேடு. நிஜக் குதிரைக்குக் கண் தலையின் பக்கவாட்டில் இருக்கும். அதனால் கிட்டத்தட்ட சுற்றிலும் பார்க்கும், தன் மூக்குக்கு நேர் எதிரே இருப்பது மட்டும் தெரியாது. கார்ட்டூனில் கண்ணை முன்பக்கம் நகர்த்திப் பெரிதாக்கியதும் அது குழந்தை முகமாகிவிடுகிறது. டிவியைப் பார்த்து அப்படியே காப்பி அடிக்கும் குழந்தைகளை அதட்ட வேண்டியதில்லை. ஆனால் எது எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று தெரிந்து காப்பி அடித்தால், அடுத்த வாரமே சொந்தமாக ஒரு குதிரை பிறக்கும்.

தெரிந்தவர்களும் தப்பு செய்திருக்கிறார்கள் என்பது ஒரு ஆறுதல். பாயும் குதிரையின் முன்னங்கால்கள் முன்னேயும் பின்னங்கால்கள் பின்னேயும் நீட்டிக்கொண்டிருப்பதாகத்தான் பெரிய பெரிய ஓவியர்களே வரைந்து வந்தார்கள். 1878-ல் மைப்ரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படம் பிடித்தபோதுதான் உண்மை தெரிந்தது. நான்கு குளம்பும் தரையில் படாத அந்தக் கணத்தில் கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கியிருந்தன. இன்று அந்த வசதி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. குதிரை நடப்பதைப் போனில் வீடியோ எடுத்து, மெதுவாக ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி வரையலாம். முடித்த படத்தைப் போட்டோ எடுத்து இடம் வலமாகத் திருப்பிப் பார்த்தால், கண்ணுக்குத் தப்பிய கோணல் பளிச்சென்று தெரியும்.

'இவருக்குத் திறமை போதாது'

ஆர்.கே.லட்சுமண் மைசூரில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். மும்பை ஜே.ஜே. ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, சேர்த்துக்கொள்ளும் அளவுக்குப் படங்களில் திறமை இல்லை என்று பதில் வந்தது. அவர் பி.ஏ. படிக்கப் போனார். வரைவதை மட்டும் நிறுத்தவில்லை. சின்ன வயதிலிருந்தே வீட்டுத் தரையும் சுவரும் கதவும்தான் அவருக்குத் தாள். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த காய்ந்த குச்சி, விறகு வெட்டும் ஆள், எதிர்வீட்டுக் கூரையில் உட்கார்ந்த காகம், எல்லாவற்றையும் வரைந்தார். காகம் அவரைக் கடைசிவரை விடவில்லை. நாடே கொண்டாடும் கார்ட்டூனிஸ்ட் ஆன பிறகும் காகங்களை வரைந்துகொண்டே இருந்தார்.

ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வரைவது கொடைக்கானலுக்கும் புதிதல்ல. அங்குள்ள சூரிய ஆய்வகத்தில், வட்டக் கட்டம் போட்ட தாளில் சூரியனின் கரும்புள்ளிகளையும் மற்ற அடையாளங்களையும் வெவ்வேறு நிறத்தில் கையால் வரைந்து வைக்கும் வழக்கம் 1904-லேயே தொடங்கிவிட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்த அந்தத் தாள்களை ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். வரைந்தவர்கள் யாரும் ஓவியர் என்று பெயர் வாங்க வரவில்லை. தாளில் தேதி மட்டும் தவறாமல் இருந்தது.

குதிரை நோட்டுக்கும் தேதி வேண்டும். கோடு போடாத நோட்டு ஒன்று, 2பி பென்சில் ஒன்று போதும். ரப்பர் பையிலேயே இருக்கட்டும். முதல் வாரம் தலை மட்டும் வரையலாம், சின்னச் சின்னக் கட்டங்களில் தினம் பத்து. பிறகு கால். முழு உருவத்துக்கு அவசரமே இல்லை. தொடங்கிய நாளின் பக்கத்தைக் கிழித்து எறியத் தோன்றும், எறியக் கூடாது. ஒரு மாதம் கழித்து அண்ணனிடம் காட்ட அந்த நாய்தான் வேண்டும்.

ஏரிக்கரையில் வரைய மூடுபனி இல்லாத நேரமாகப் பார்க்க வேண்டும். பனி இறங்கினால் தாள் நமத்து, பென்சில் வழுக்கும். ஓடும் குதிரையை விட்டுவிட்டு, சவாரிக்குக் காத்திருக்கும் குதிரையைப் பார்க்கலாம். அது ஒரு பின்னங்காலை லேசாக மடித்து, குளம்பு நுனியை மட்டும் ஊன்றி, மூன்று காலில் நின்று ஓய்வெடுக்கும். அப்போது இடுப்பு ஒரு பக்கம் சரிந்திருக்கும். அந்தச் சரிவு தாளில் வந்துவிட்டால் குதிரைக்கு உயிர் வந்துவிடும். காது முன்னால் திரும்பியிருந்தால் எதையோ கவனிக்கிறது. பின்னால் படுத்திருந்தால் கோபம், அப்போது நோட்டோடு நாலடி தள்ளி நிற்பது நல்லது.

வரைவதற்கு முன் குதிரைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை. முடித்ததும் படத்தை முதலில் அவரிடமே காட்டலாம். காது சரியாக இல்லை என்றால் அண்ணனைவிட அவர் சரியாகச் சொல்வார்.