"நமக்கேன் வம்பு?"



தைப்பூசத்தன்று பத்துமலையில் லட்சக்கணக்கில் கூடுகிறோம். அலகு குத்துகிறோம். மாரியம்மன் திருவிழாவில் தீ மிதிக்கிறோம். நெருப்பில் நடந்த அதே கால், மறுநாள் காலையில் சூப்பர்வைசர் முன்னால் நடுங்குவது ஏன்?

"நெத்தியில என்ன பட்டை? அழிச்சிட்டு வா" என்கிறார். அழித்துவிடுகிறோம். பள்ளியில் பிள்ளையின் கையில் கட்டிய கோயில் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள். வீட்டில் புலம்புவதோடு சரி. வேலையிடத்தில் மலாயில் எழுதிய ஒரு கடிதத்தை நீட்டுகிறார்கள். படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம். ஏன் என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "நமக்கேன் வம்பு?"

இந்தக் கேள்வியை நம் தாத்தாக்கள் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அன்று தோட்டத்தில் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. கள்ளுக்கடையை மூடு என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். அவர்களை வழிநடத்திய ஆர்.எச்.நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர்கள், கையில் ஒரு சட்டப் புத்தகமும் இல்லாமல், "இறங்க மாட்டேன்" என்றார்கள். இன்று நம் கையில் சட்டம் இருக்கிறது. நாமோ யாரும் சொல்வதற்கு முன்பே இறங்கி நிற்கிறோம்!

அரசியலமைப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, தன் சமயத்தைக் கடைப்பிடிக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. 12(3)-ஆவது பிரிவு, பிற சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. உங்கள் பிள்ளைக்கும் இது பொருந்தும். 152-ஆவது பிரிவு மலாயைத் தேசிய மொழியாக்குகிறது. அதே பிரிவுதான் அதிகாரப்பூர்வக் காரியங்களுக்கு வெளியே பிற மொழிகளைப் பயன்படுத்துவதைத் தடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

"சட்டம் எல்லாம் சரி சார், வாயைத் திறந்தா வேலை போயிடுமே?" என்பீர்கள். நியாயமான பயம். வீட்டு வாடகையும் மோட்டார் சைக்கிள் தவணையும் காத்திருக்காது. அரசியலமைப்புச் சட்டம் முக்கியமாக அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. தனியார் முதலாளியிடம் அதை நீட்டினால் போதாது என்பதும் உண்மை. ஆனால் அவருக்கும் சட்டம் உண்டு. 1955 வேலைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 69எஃப் பிரிவு 1.1.2023 முதல் தீபகற்ப மலேசியாவில் நடப்பில் உள்ளது. வேலையிடத்தில் பாகுபாடு நடந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். இலாகாவின் உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. நியாயமான காரணமின்றி வேலையை விட்டு நீக்கினால், 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்கலாம். 61-ஆவது நாள் அழுதுகொண்டு வந்தால் எந்த வழக்கறிஞராலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

எதிர்ப்பது என்றால் மேசையைத் தட்டிக் கத்துவதல்ல. கோபப்பட்டு வேலையை விட்டு வெளியேறாதீர்கள்; அது எதிரிக்குத்தான் வசதி. "எந்த விதியின்படி?" என்று மரியாதையாகக் கேளுங்கள். "எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். புரியாத கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தேதி, நேரம், சொன்னவர் பெயர், உடனிருந்தவர் பெயர் எல்லாவற்றையும் அன்றே குறித்து வையுங்கள். ஒருவர் கேட்டால் திமிர் என்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பேச்சுவார்த்தைக்கு அழைப்பார்கள்.

ஈப்போவில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்த எம்.இந்திரா காந்தியை நினைத்துப் பாருங்கள். 2009-இல் கணவர் அவரைக் கேட்காமலே மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றினார். அந்தத் தாய் "நமக்கேன் வம்பு" என்று சொல்லவில்லை. 2018 ஜனவரி 29-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த மதமாற்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பிறகும் கடைக்குட்டி மகள் ஆண்டுக்கணக்கில் தாயின் கைக்கு வரவில்லை என்பது இந்நாட்டின் வெட்கம். ஆனாலும் அந்த ஒரு தாய் ஒன்பது ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறியதால், இன்று எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தத் தீர்ப்பு அரணாக நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெளியில் இருப்பவனிடம் மட்டும் உரிமை பேசி, உள்ளே மௌனம் காப்பது கொள்கை ஆகாது. கோயில் தலைவர் ஆண்டுக் கணக்கைக் காட்டாதபோது வாயை மூடிக்கொள்கிறோம். கல்யாணப் பேச்சில் மாமா சாதி கேட்கும்போது தலையைக் குனிந்துகொள்கிறோம். அங்கேயும் அதே "நமக்கேன் வம்பு"தான். சொந்த மாமாவிடம் "வேண்டாம் மாமா, அது தப்பு" என்று சொல்லத் துணியாதவன், முதலாளியிடம் எப்படிச் சொல்வான்?

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். திருநீற்றை நீங்கள் அழிப்பதைப் பார்க்கும் பிள்ளை, நாளை தன் பெயரைச் சொல்லவே கூசும். நாளைக் காலை திருநீறு பூசிக்கொண்டு வேலைக்குப் போங்கள். யாராவது அழிக்கச் சொன்னால், சிரித்த முகத்தோடு ஒரே கேள்வி கேளுங்கள்: "எந்த விதி?"