கவர்மென்ட்டா, பிரைவேட்டா?

ஒலக்கூர் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்துக்கு அடுத்தபடியாகக் கேட்பது இதைத்தான்: "பொண்ணு கவர்மென்ட்டா, பிரைவேட்டா?" கவர்மென்ட் என்றால் நகைப் பேச்சு கொஞ்சம் இறங்கும். பிரைவேட் என்றால், "கல்யாணத்துக்கு அப்புறம் நின்னுக்கலாம்" என்று அவர்களே முடிவு சொல்லிவிடுவார்கள். டீக்கடையில் இதே பேச்சு வேறு குரலில் வரும்: "டீச்சருங்களுக்கு என்ன, புள்ள பெத்தா ஒரு வருசம் லீவு, சம்பளத்தோட." இந்த இரண்டு பேச்சிலும் எங்கள் வேலையை அளக்கும் படி ஆண்கள் கையில்தான் இருக்கிறது.

நான் இரண்டு பக்கமும் இருந்தவள். முனைவர் பட்டம் வாங்கிய கையோடு ஒரு சுயநிதிக் கல்லூரியில் எட்டாயிரம் ரூபாய்க்குச் சேர்ந்தேன். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏழாம் மாதம் வயிறு தெரிந்ததும், "ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போங்கம்மா, குழந்தை பொறந்ததும் புதுசா அப்ளிகேஷன் போடுங்க" என்றார்கள். திரும்பிப் போனபோது என் அனுபவம் பூஜ்யம். அதே எட்டாயிரம். மகப்பேறு நலச் சட்டம் 1961இல், நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. அது அந்தக் கல்லூரியின் கேட்டைத் தாண்டி உள்ளே வந்து நான் பார்த்ததில்லை.

தமிழக அரசுப் பணியில் இருக்கும் பெண்ணுக்கு மகப்பேறு விடுப்பு 2011இல் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதமானது. 2016இல் ஒன்பது, 2021இல் பன்னிரண்டு. தனியாருக்கான சட்டம் 2017இல் பன்னிரண்டு வாரத்தை இருபத்தாறு வாரமாக்கியது. ஆனால் அந்தச் செலவைத் தனியொரு முதலாளியின் கல்லாவில் வைத்தது. முதலாளி அதைத் திருப்பிப் பெண்ணின் தலையில் வைத்தார்: புதிதாகக் கல்யாணமானவளை எடுக்காதே, மாசமானவளை நிறுத்திவிடு. இ.எஸ்.ஐ. இருந்தால் அந்த நிதியம் கொடுக்கும். அதற்குச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், பெயரும் பதிவேட்டில் இருக்க வேண்டும். விடியற்காலையில் நெடுஞ்சாலையில் கம்பெனி வண்டிக்குக் காத்து நிற்கும் கான்ட்ராக்ட் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தன் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று தெரியும்?

இதற்கு ஊர் சொல்லும் தீர்வு, அரசு ஊழியருக்குக் கொடுப்பதைக் குறை என்பது. அவளுடைய பன்னிரண்டு மாதத்தை ஆறாகக் குறைத்தால், கம்பெனிப் பெண்ணுக்கு ஒரு நாளாவது கூடுமா? மிச்சம் பிடித்த பணம் அவள் வீட்டுத் தொட்டிலுக்கா வரப்போகிறது? 2019 ஜனவரியில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, மாதம் 10,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களை எடுக்க முனைந்தது அரசு. பி.எட். முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் வறுமையை, வேலையில் இருக்கும் பெண்களுக்கு எதிராக நிறுத்திய கணக்கு அது.

அந்தப் பத்தாயிரத்தில் இன்னொன்றும் வெளிப்பட்டது. பிரைவேட் என்பது கவர்மென்ட்டுக்கு வெளியே மட்டும் இல்லை. தமிழ் படித்தவள் என்பதால் சொற்களைக் கவனிக்கிறேன். காலமுறை ஊதியம், தொகுப்பூதியம், மதிப்பூதியம். கடைசிச் சொல்லில்தான் மதிப்பும் குறைவு, ஊதியமும் குறைவு. அங்கன்வாடிப் பணியாளர் ஒன்றிய அரசின் ஏட்டில் ஊழியரே இல்லை, கௌரவப் பணியாளர். அவருக்கு 2018இல் ஒன்றிய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். மாநில அரசு தன் பங்கைச் சேர்த்துக் கொடுக்கிறது. அவருக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்லவே 2022இல் உச்ச நீதிமன்றம் வரவேண்டியிருந்தது.

அரசுக் கல்லூரிகளிலோ கௌரவ விரிவுரையாளர்கள். உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700. கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு சொன்னது. அதன் பிறகும் தமிழகத்தில் அவர்கள் வாங்கியது 20,000, பிறகு 25,000. அதுவும் பதினோரு மாதம்தான். சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிகப் பணியாளருக்கும் உண்டு என்று 2016இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இனி எங்களைப் பற்றி. என் துறையில் ஒரு கௌரவ விரிவுரையாளர், குழந்தை பிறந்த நாற்பத்தைந்தாம் நாள் வகுப்புக்கு வந்தார். வராவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும் என்ற பயம். மதியம் கதவைச் சாத்திக்கொண்டு, பால்கட்டிய வலியோடு விடைத்தாள் திருத்தினார். அந்த மே மாதம் எனக்குச் சம்பளம் வந்தது, அவருக்கு வரவில்லை. பாதிப் பாடத்தை அவர்தான் நடத்தியிருந்தார். நான் யாரிடமும் கேட்கவில்லை. எங்கள் போராட்டங்களில் பழைய ஓய்வூதியத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்த எங்களுக்கு அது நியாயமான கோரிக்கை. ஆனால் அவருடைய மே மாதச் சம்பளம் எங்கள் கோரிக்கைப் பட்டியலின் கடைசி வரியில்தான் இருந்தது. டீக்கடைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

மகப்பேறு விடுப்பு பதவிக்குக் கொடுக்கும் சலுகையாக இருக்கும்வரை, பதவி இல்லாத பெண்ணின் பிரசவம் அவள் சொந்தச் செலவுதான். அது பெண்ணோடு போக வேண்டும். எந்தக் கம்பெனி, எந்தப் பள்ளி, எந்த ஒப்பந்தம் என்று பார்க்காமல், பொது நிதியிலிருந்து வர வேண்டும். முதலாளி தன் பங்கைக் கட்டட்டும், ஆண்களை வேலைக்கு வைப்பவரும் சேர்த்துத்தான்.

இறுதியாண்டு மாணவிகள் என்னிடமும் கேட்கிறார்கள், "மேடம், கவர்மென்ட்டுக்குப் படிக்கட்டுமா, பிரைவேட்டுக்குப் போகட்டுமா?" படியுங்கள். ஆனால் எந்த வேலையில் சேர்ந்தாலும் கேளுங்கள்: நியமன ஆணை உண்டா? மே மாதம் சம்பளம் உண்டா? பிள்ளை பெற்றால் திரும்பி வர இதே நாற்காலி இருக்குமா? உங்களுக்கு உண்டென்றால், வகுப்பறையைக் கூட்டுகிற அக்காவுக்கும் உண்டா என்று அடுத்து கேளுங்கள். நான் கேட்கத் தவறியது அது.