சீட்டைத் திறந்த பிறகு எல்லாரும் பண்டிதர்

போன சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் கிளப்பில் நடந்தது. பிரிட்ஜ் ஆட வந்து ஆறு மாதம்கூட ஆகாத ஓர் அம்மாள் துணிந்து கேம் கேட்டார். ஒரே ஒரு பிடி குறைந்து தோற்றார். எதிரே இருந்த பார்ட்னர் நாற்பது வருஷ அனுபவஸ்தர். நாலு பேர் சீட்டையும் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு, "இந்தக் கையில போய் எப்படிம்மா கேம் கேட்டீங்க?" என்று ஆரம்பித்தார். பக்கத்து மேஜைக்காரர்களும் எழுந்து வந்து தலையாட்டினார்கள். அந்த அம்மாள் முகம் சுருங்கிப்போயிற்று. வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு ஆறவில்லை. அதே கேள்வியை ஒரு காலத்தில் நானும் கேட்டவன்தான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு கையையும் பார்த்துவிட்டு ஏலத்துக்குத் தீர்ப்பு எழுதுவது அநியாயம். ஏலம் கேட்கிறவருக்குத் தெரிவது தன் 13 சீட்டும், மேஜையில் அதுவரை கேட்ட ஏலமும்தான். மீதி 39 சீட்டு இருட்டு. அந்த இருட்டில் எடுத்த முடிவை, விளக்கைப் போட்டுவிட்டுத் திட்டுவது என்ன நியாயம்?

என் கதைக்கு வருகிறேன். வேலையில் இருந்த காலம், அலுவலக மனமகிழ் மன்றத்தில் டீம் போட்டி. என் பார்ட்னர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிர்ந்து பேசாதவர். நாங்கள் வல்னரபிள். என் கையில் ஸ்பேடில் ஏஸ், ராணி, ஜாக், 7, 4. ஹார்ட்டில் 8, 5. டைமண்டில் ஏஸ், ராணி, 4. கிளப்பில் ராஜா, 8, 3. மொத்தம் 16 பாயிண்ட். ஒரு ஸ்பேட் என்று தொடங்கினேன். அவர் இரண்டு ஸ்பேட் என்றார். 6 முதல் 9 பாயிண்ட் என்று அர்த்தம். நான் மூன்று ஸ்பேட் கேட்டேன். "கை நன்றாக இருந்தால் நாலுக்குப் போங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்" என்ற அழைப்பு அது.

அவர் கையில் ஸ்பேடில் ராஜா, 9, 6. ஹார்ட்டில் 9, 7, 4, 2. டைமண்டில் ஜாக், 10, 6. கிளப்பில் ஏஸ், 7, 2. ஆக 8 பாயிண்ட். துருப்பு மூன்றுதான், எதையும் வெட்டுவதற்கு வழியில்லாத தட்டைக் கை. ஆனால் ஓர் ஏஸும், துருப்பில் ராஜாவும் இருந்தன. போகவும் காரணம் உண்டு, நிற்கவும் காரணம் உண்டு. அவர் நாலு ஸ்பேட் என்றார்.

ஆட்டம் முழுக்க ஒரே சீட்டில் தொங்கியது. டைமண்ட் ராஜா என் வலப்பக்கம் இருந்தால் ஃபினஸ் பலித்துப் பத்துப் பிடி. இடப்பக்கம் இருந்தால் ஒன்பது. இடப்பக்கம் இருந்தது. மற்ற மேஜையில் எங்கள் சீட்டையே ஆடிய எதிரணி மூன்று ஸ்பேடிலேயே நின்றுவிட்டது. எங்களுக்கு 6 இம்ப் நஷ்டம், போட்டியும் போயிற்று.

எட்டுப் பேர் முன்னால் நான் கத்தினேன். "எட்டு பாயிண்ட்டை வெச்சுக்கிட்டு எந்த தைரியத்துல சார் நாலுக்குப் போனீங்க?" அவர் சீட்டை அடுக்கிக்கொண்டே, "ஏஸும் துருப்பு ராஜாவும் இருந்தது. நீங்க கூப்பிட்டீங்க, வந்தேன்" என்றார். அவ்வளவுதான்.

கணக்கை ரொம்பத் தாமதமாகத்தான் போட்டுப் பார்த்தேன். மற்ற மேஜை மூன்றில் நின்றது என்றே வைத்துக்கொள்வோம். நாலு ஸ்பேட் பலித்தால் நமக்கு 620, அவர்களுக்கு 170. வித்தியாசத்துக்கு 10 இம்ப் வரவு. ஒரு பிடியில் தோற்றால் 6 இம்ப் செலவு. இந்த மாதிரிக் கை எட்டு முறை வந்து, நாலு முறை பலித்து நாலு முறை தோற்றால், வரவு 40, செலவு 24. பாதி தடவை தோற்கிற ஏலம் லாபமான ஏலம்! நூற்றுக்கு 38 தடவை பலித்தாலே போதும். அவர் செய்தது சரி. நான் திட்டியது டைமண்ட் ராஜா உட்கார்ந்திருந்த இடத்தை.

"ஸ்கோர் ஷீட்டில் ஏலத்தின் அழகுக்கு மார்க் கிடையாதே சார்" என்று அனுபவஸ்தர்கள் கேட்பார்கள். சரி. அப்படியானால் மோசமாகக் கேட்டு, அதிர்ஷ்டத்தால் ஜெயித்த கையை ஒருநாளாவது மேஜையில் பரப்பிப் போஸ்ட்மார்ட்டம் செய்திருக்கிறோமா? கை குலுக்கிவிட்டு அடுத்த சீட்டைப் போடுகிறோம். தோற்ற கையை மட்டும் அறுத்துப் பார்ப்பதற்கு ஆராய்ச்சி என்று பேர் வேண்டாம். ஆள் தேடுகிறோம், அவ்வளவே. எல்லா ஏலத்தையும் மன்னித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் 6 பாயிண்ட்டில் நாலுக்குப் போய் ஜெயித்திருந்தாலும் அது தப்புதான். அதையும் பேசத்தான் வேண்டும்.

எப்படிப் பேசுவது என்பதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1929ல் தொடங்கிய 'தி பிரிட்ஜ் வேர்ல்டு' பத்திரிகையில் 'மாஸ்டர் சால்வர்ஸ் கிளப்' என்று ஒரு பகுதி. ஒரே ஒரு கை, அதுவரை நடந்த ஏலம், யார் வல்னரபிள் என்ற விவரம், இவ்வளவுதான் கொடுப்பார்கள். பெரிய நிபுணர்களே ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். மற்ற கைகளை யாரும் கேட்பதில்லை. அதே 1929ல்தான் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் இன்னொரு விதமான விவாதமும் நடந்தது. நாலு ஸ்பேட் கேட்டுத் தோற்ற கையில் தொடங்கிய சண்டை, திருமதி பென்னட் தன் கணவரைச் சுட்டுக் கொன்றதில் முடிந்தது. நம் கிளப்புகளில் துப்பாக்கி இல்லை. நாக்கே போதும்.

அந்தப் போட்டிக்குப் பிறகும் என் பார்ட்னர் நாலு மாதம் என்னோடு ஆடினார். ஒரு தடவைகூடத் துணிந்து கேட்கவில்லை. ஒருநாள் 9 பாயிண்ட் வைத்துக்கொண்டே என் அழைப்புக்குப் பாஸ் சொன்னார். நான் பத்துப் பிடி எடுத்தேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு மாற்றலாகி வேறு ஊர் போய்விட்டார். "சார், நீங்க கேட்டது சரி" என்ற ஒரு வார்த்தை என் வாயிலேயே நின்றுவிட்டது.

அந்த அம்மாளின் 13 சீட்டை அன்றைக்கே ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு வந்தேன். வரும் சனிக்கிழமை, அன்று தலையாட்டிய ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் காட்டி, "நீங்க என்ன கேப்பீங்க?" என்று கேட்கப்போகிறேன். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னால் நான் எழுதியது தப்பு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆளுக்கொன்று சொன்னால், அந்த அம்மாளிடம் அவர்கள் எல்லாரும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.