கொசுவுக்கு ஓரணா

ஆப்பிரிக்காவுக்கு மருந்து அனுப்பினால் போதாதா, அங்கே எதற்கு ஆராய்ச்சிக்கூடம் என்று கேட்கிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். கெட்டவர்கள் அல்லர், படித்தவர்கள், இரக்கமுள்ளவர்கள். "மலேரியாவில் கிடக்கிற குழந்தைக்கு மாத்திரையும் கொசுவலையும் வேண்டுமா, டாக்டர் பட்டம் வாங்கிய மாமா வேண்டுமா?" என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். கேள்வி சாமர்த்தியமானதுதான். சாமர்த்தியத்தைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை என்பது என் கட்சி.

நான் விஞ்ஞானி அல்லன். கதை எழுதிப் பிழைக்கிறவன். கல்லூரியில் தவளையை அறுத்ததோடு என் ஜீவசாஸ்திரம் முடிந்துவிட்டது. ஆனால் ஒரு கதையில் யாரை உள்ளே அழைத்து உட்கார வைக்கிறோம், யாரை வாசலோடு நிறுத்துகிறோம் என்பது நான் அறிந்த தொழில். அந்தக் கண்ணோடு மலேரியாவின் கதையைப் படித்தால் சங்கடமாக இருக்கிறது.

1897 ஆகஸ்டு மாதம், செகந்திராபாத்தில், ரொனால்டு ராஸ் என்ற ராணுவ டாக்டர் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அந்தக் கொசுக்களுக்குத் தம் ரத்தத்தைக் கொடுத்தவர் உசேன் கான் என்கிற நோயாளி. கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி. ராஸுக்கு 1902-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் புழுக்கத்தில் கொசு கொசுவாக அறுத்துப் பார்ப்பது லேசான காரியமா? உசேன் கானுக்கு ஓரணாவோடு கணக்குத் தீர்ந்துவிட்டது என்பதைத்தான் சொல்கிறேன்.

அந்த ஏற்பாடு வெள்ளைக்காரனோடு கப்பலேறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆப்பிரிக்கக் கிராமங்களில் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுபோய் ஆராய்வது அதற்குப் பிறகும் வெகுகாலம் நடந்தது. கட்டுரை அங்கே வெளியாகும். வெயிலில் வீடு வீடாக அலைந்த உள்ளூர் டாக்டரின் பெயர், நன்றி சொல்லும் கடைசிப் பத்தியில், பொடி எழுத்தில் இருக்கும்.

நண்பரின் மாத்திரைக்கு வருகிறேன். மாத்திரை என்பது அரிசி பருப்பைப் போல என்றைக்கும் ஒரே பலன் தருகிற சரக்கு அல்ல. கிருமி அதைப் பழகிக்கொள்கிறது. ஒரு நாள் மாத்திரை வெறும் மாவாகிவிடுகிறது. குளோரோகுயின் அப்படித்தான் போயிற்று. அது எந்த ஊரில் பலிக்கவில்லை என்பதைக் கிருமியின் மரபணுவில் உள்ள ஓர் அடையாளத்தைக் கொண்டே கண்டுகொள்ளலாம் என்று 2001-இல் காட்டியவர்களின் முன்வரிசையில் நின்றவர் அப்துலாயே ஜிம்தே. மாலி நாட்டுக்காரர், ஆராய்ந்ததும் மாலி நாட்டு நோயாளிகளின் ரத்தம். குளோரோகுயினுக்குப் பிறகு வந்த ஆர்ட்டெமிசினினுக்கும் இப்போது அதே ஆபத்து. ருவாண்டாவில் கிருமி அதற்கு மசிய மறுக்கத் தொடங்கிவிட்டது என்று 2020-இல் ருவாண்டா டாக்டர் அலின் உவிமானாவும் அவர் குழுவினரும் எழுதினார்கள். மாத்திரை வேலை செய்கிறதா என்று அந்த மண்ணிலேயே உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லாவிட்டால், மாவையல்லவா கப்பல் கப்பலாக அனுப்பிக்கொண்டிருப்போம்!

கொசுவும் சும்மா இருக்கவில்லை. சென்னையில் கிணறும் மேல்தொட்டியும் வைத்திருக்கிறவர்களுக்கு அனாபிலிஸ் ஸ்டீபன்சி பழைய குடித்தனக்காரன். மழைக் குட்டையை நம்பி வாழும் ஆப்பிரிக்கக் கொசு அல்ல அது. வீட்டுத் தொட்டித் தண்ணீரிலேயே வம்சம் வளர்க்கும், கோடையிலும் ஓயாது. இந்த ஆசியக் கொசு 2012-இல் ஜிபூட்டியில் தென்பட்டது. அந்த ஆண்டு அந்த நாட்டில் மலேரியா கண்டவர்கள் வெறும் 27 பேர். 2020-இல் 73,000-க்கு மேல். 2022-இல் எதியோப்பியாவின் டிரே டாவா நகரத்தில், மழையில்லாத காலத்தில், மலேரியா கிளம்பியது. மழையில்லாதபோது மலேரியாவா என்று மலைத்து உட்காராமல், நோயாளிகளின் வீட்டைச் சுற்றியிருந்த தொட்டிகளைத் தேடிப் போய், இதே கொசுதான் காரணம் என்று காட்டியவர்கள் எதியோப்பியாவின் ஃபிட்சும் டடெஸ்ஸேயும் அவருடைய குழுவினரும். எந்தத் தெருவில் எந்தத் தொட்டிக்கு மூடியில்லை என்பது ஜெனிவாவிலிருந்து பார்த்தால் தெரியாது, ஐயா.

இன்னொரு ஆட்சேபம் உண்டு. அது கொஞ்சம் கனமானது. "படிக்க வைத்தால் வெளிநாட்டுக்கு ஓடிவிடுவார்கள்." ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஓகோபாரா தும்போ பிரான்சில் படித்துவிட்டு மாலிக்குத் திரும்பினார். அவரும் கொசு ஆராய்ச்சியாளர் யேயா தூரேயும் 1990-களின் தொடக்கத்தில் பமாகோ நகரத்தில் மலேரியா ஆராய்ச்சிப் பயிற்சி நிலையத்தைக் கட்டி எழுப்பினார்கள். பெயரிலேயே பயிற்சி இருக்கிறது, கவனியுங்கள். தும்போ 2018-இல் காலமானார்; அவர் வளர்த்துவிட்ட ஒரு தலைமுறை அங்கே வேலை செய்கிறது. ஜிம்தே அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது அந்த நிலையத்துக்குத்தான். புர்க்கினா ஃபாஸோவின் ஹலிடு டின்டோவும் பெல்ஜியத்தில் படித்துவிட்டுத் திரும்பியவர். நனோரோ என்ற நாட்டுப்புறத்து ஊரில் அவர் அமைத்த நிலையத்தில்தான் 450 குழந்தைகளிடம் ஆர்-21 தடுப்பூசி சோதிக்கப்பட்டது. ஓராண்டுக் காலத்தில் 77 சதவீதப் பாதுகாப்பு என்று 2021-இல் முடிவு வெளியாயிற்று. இன்று அந்த ஊசி நம் புனேயில் தயாராகிறது. ஊசியை வகுத்தது ஆக்ஸ்போர்டு. அது பலிக்குமென்று காட்டியது நனோரோ.

திரும்பி வருவதற்கு ஓர் இடம் இருந்தால் மனிதன் திரும்புகிறான். மின்சாரம் நிற்கிற கட்டடம், வாராத ரசாயனம், மூன்று மாதமாகப் பாக்கியுள்ள சம்பளம், இவற்றை வைத்துக்கொண்டு தேசபக்தியை மட்டும் எதிர்பார்ப்பது அநியாயம்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பமாகோ நிலையம் வளர்ந்ததில் அமெரிக்க சர்க்கார் பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்காக அந்நாட்டாரை வாழ்த்தலாம். ஆனால் 2025-இல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டிய வேகத்தைப் பார்த்த பிறகும், பிறர் பணத்திலேயே ஒரு தேசத்தின் ஆராய்ச்சி நிற்கலாம் என்று ஆப்பிரிக்க மந்திரிகள் நினைத்தால் அவர்களை என்னவென்று சொல்ல? தேச வருமானத்தில் நூற்றுக்கு ஒரு பங்கை ஆராய்ச்சிக்குச் செலவிடுவோம் என்று 2006-இல் கார்ட்டூமில் கூடித் தீர்மானம் போட்டவர்கள் அவர்கள்தாம். பெரும்பாலான நாடுகள் அதை எட்டவில்லை. (நம் நாடும் அந்த ஒரு பங்கை எட்டவில்லை, ஆகவே நான் உயர்ந்த ஆசனத்திலிருந்து பேசவில்லை.) 2023-இல் உலகில் மலேரியாவால் இறந்தவர்கள் 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆப்பிரிக்காவில். பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அந்தக் குழந்தைகளின் தேசத்து பட்ஜெட்டில், ஆராய்ச்சிக்கூடத்து மின்சாரக் கட்டணத்துக்கும் பத்துப் பேர் சம்பளத்துக்கும் ஒரு வரி எழுதப்படட்டும். எந்தக் கேள்வியை முதலில் ஆராய்வது என்று பணம் கொடுத்தவரைக் கேட்காமல் அந்தப் பத்துப் பேரே தீர்மானித்துக்கொள்வார்கள்.